கடலடியில் ஒரு மையவாடி

வீட்டில் ஒரு மௌத்து நிகழ்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? மையித்தைக் குளிப்பாட்டுகிறோம். கபனிடுகிறோம். ஜனாஸாத் தொழுகை முடிந்து மையவாடிக்குக் கொண்டு போகிறார்கள். கபுறின் தலைமாட்டில் ஒரு மீஸான் கட்டை நடப்படுகிறது. அழுத கண்ணுக்கு ஓர் ஆறுதல். துஆச் செய்வதற்கு ஓர் இடம்.

ஆனால், மையித்தே கிடைக்காவிட்டால்?

இந்தக் கேள்வியின் கனதி நம் நாட்டுக் கரையோரத் தாய்மாருக்கு நன்றாகத் தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்து போன பின்னர், மருதமுனையிலும் கல்முனையிலும் கிண்ணியாவிலும் அம்பாந்தோட்டையிலும் எத்தனையோ வீடுகளில், கபுறு எது என்று காட்ட முடியாத பிள்ளைகளுக்காகவே கத்தம் ஓதப்பட்டது. கணவன் காணாமற் போனால் மனைவி எவ்வளவு காலம் காத்திருப்பது, சொத்துக்களை என்ன செய்வது என்பதற்கெல்லாம் நமது பிக்ஹு நூல்கள் 'மஃப்கூத்' என்ற தலைப்பில் தனியாகவே சட்டம் சொல்கின்றன. காணாமற் போனவரின் குடும்பம் படும் பாட்டை மார்க்கம் எவ்வளவு தூரம் உணர்ந்திருக்கிறது என்பதற்கு அது ஒன்றே போதும்.

அப்படிக் காணாமற் போன ஒரு கப்பலைப் பற்றியதுதான் இக்கட்டுரை. நூற்றிருபத்திரண்டு பேருடன் மறைந்து, நாற்பத்தேழு ஆண்டுகள் எங்கே என்று தெரியாமற் கிடந்த அந்தக் கப்பலை, இன்று உலகின் பல பாகங்களிலிருந்தும் சுழியோடிகள் தேடிச் சென்று பார்க்கிறார்கள். பார்க்கலாம், ஆனால் தொடக் கூடாது, எடுக்கக் கூடாது, உள்ளே நுழையவும் கூடாது. ஏன் இந்தக் கட்டுப்பாடு? அதிலே நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

கடைசிப் பயணம்

கப்பலின் பெயர் யொங்காலா. தென் அவுஸ்திரேலியாவில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. அந்நாட்டுப் பழங்குடி மக்களின் மொழியில் 'நல்ல தண்ணீர்' என்பது அதன் பொருள் என்பர். 1903ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கட்டப்பட்ட நீராவிக் கப்பல். நீளம் சுமார் 109 மீற்றர். அவுஸ்திரேலியாவின் கரையோர நகரங்களுக்கிடையே பிரயாணிகளையும் சரக்குகளையும் ஏற்றி இறக்குவதே அதன் வேலை. வீதிகளும் ரயில் பாதைகளும் எல்லா ஊருக்கும் எட்டாத அக்காலத்தில், வடக்கே இருந்த ஊர்களுக்குக் கப்பல்தான் பஸ், கப்பல்தான் தபாற்காரன். நம் பாட்டன்மார் ஹஜ்ஜுக்குக் கப்பலேறிப் போன காலமும் அதுவே என்று எண்ணிக்கொண்டால், அந்தப் பிரயாணிகள் நமக்கு அந்நியராகத் தெரிய மாட்டார்கள்.

1911 மார்ச் 23ஆம் திகதி. யொங்காலா தனது 99ஆவது பயணத்தில் இருந்தது. மக்காய் என்னும் துறையில் ஆட்களையும் சரக்கையும் இறக்கி ஏற்றிக்கொண்டு, பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்னர் வடக்கே டவுன்ஸ்வில் நகரை நோக்கிப் புறப்பட்டது. ஓர் இரவுப் பயணம். கப்பலில் 49 பிரயாணிகளும் 73 பணியாளர்களும் இருந்தனர். பெண்களும் பிள்ளைகளும் அவர்களுள் அடக்கம். பந்தயக் குதிரை ஒன்றும் கூடப் போயிற்று. கப்டன் வில்லியம் நைட், வயது அறுபதைத் தாண்டிய, அக்கடலை நன்கறிந்த மாலுமி.

கப்பல் கண்ணுக்கு மறையுமுன்னரே மக்காயின் சமிக்ஞை நிலையத்துக்கு ஒரு தந்தி வந்தது: டவுன்ஸ்வில்லுக்கும் மக்காய்க்கும் இடையே சூறாவளி! நிலையத்தார் உடனே எச்சரிக்கைக் கொடியை ஏற்றினார்கள். ஆனால் கப்பலில் இருந்தவர்கள் அதைக் காணவில்லை. பின்னால் வந்த கப்பல்கள் எச்சரிக்கையைக் கண்டு பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கிக்கொண்டன. யொங்காலா மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

கம்பியில்லாத் தந்திக் கருவி இருந்திருந்தால் செய்தி போயிருக்குமே என்று கேட்கத் தோன்றும். அந்தக் கருவி யொங்காலாவுக்கென்றே அனுப்பப்பட்டிருந்தது. இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு வந்துகொண்டிருந்தது. கப்பலில் பொருத்துவதற்கு முன் கப்பலின் தவணை முடிந்து விட்டது!

அன்று மாலை டென்ட் தீவின் வெளிச்சவீட்டுக் காவலர், கொந்தளிக்கும் கடலில் யொங்காலா வடக்கே செல்வதைக் கண்டார். அதை உயிரோடிருந்த மனிதர் கண்டது அதுவே கடைசி.

மறுநாள் டவுன்ஸ்வில் துறையில் காத்திருந்தவர்கள் முதலில் பெரிதாகப் பயப்படவில்லை. புயலுக்கு எங்காவது ஒதுங்கியிருக்கும் என்று எண்ணினார்கள். மார்ச் 26ஆம் திகதி கப்பலைக் காணவில்லை என்று அறிவித்தார்கள். தேடுதல் தொடங்கியது. தபாற் பைகளும் சரக்குகளும் மரத் துண்டுகளும் நெடுங்கரை எங்கும் ஒதுங்கின. கரையொதுங்கிய உடல் ஒன்றே ஒன்றுதான். அது மனித உடலல்ல. 'மூன்ஷைன்' என்ற அந்தப் பந்தயக் குதிரை. நூற்றிருபத்திரண்டு பேரில் ஒருவருடைய மையித்துக்கூடக் கிடைக்கவில்லை.

அரசாங்கம் ஆயிரம் பவுண் பரிசு அறிவித்துப் பார்த்தது. பயனில்லை. விசாரணை நடத்தினார்கள். கப்பலின் கட்டமைப்பிலோ கப்டனின் திறமையிலோ குறை காண முடியவில்லை. எப்படி மூழ்கியது, எங்கே மூழ்கியது என்ற கேள்விகளுக்கு விடையில்லாமலே கோப்பு மூடப்பட்டது. காத்திருந்த மனைவிமாரும் தாய்மாரும், 'எங்கே?' என்ற கேள்வியோடேயே முதுமையடைந்து கண்மூடினார்கள்.

இரும்புப் பெட்டி சொன்ன இரகசியம்

1943ஆம் ஆண்டு, உலகப் போர்க் காலம். கண்ணிவெடி அகற்றும் கப்பலொன்று அக்கடலில் ஏதோ ஒரு தடையில் முட்டியது. மணல்திட்டு என்று வரைபடத்தில் குறித்து விட்டுப் போய்விட்டார்கள். 1947இல் கடற்படையின் அளவைக் கப்பலொன்று அவ்விடத்தை மீண்டும் ஆராய்ந்தது. ஆயினும் ஒருவரும் கீழே இறங்கிப் பார்க்கவில்லை.

1958இல் உள்ளூர்ச் சுழியோடி ஒருவர் இறங்கினார். பெரியதொரு நீராவிக் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கக் கண்டார். உள்ளிருந்து ஒரு இரும்புப் பெட்டகத்தை மேலே கொண்டு வந்தார். ஆவலோடு அதைத் திறந்தார்கள். பொன்னுமில்லை, பொருளுமில்லை; உள்ளே இருந்தது வெறும் கருஞ்சேறு! ஆனால் பூட்டில் ஓர் இலக்கம் பாதி அழிந்தும் அழியாமலும் இருந்தது. அதை இங்கிலாந்தில் பெட்டகம் செய்த கம்பனிக்கு எழுதியனுப்பினார்கள். பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்த கம்பனி பதில் அனுப்பியது: இது 1903இல் யொங்காலா கப்பலுக்காகச் செய்யப்பட்டது.

அரை நூற்றாண்டுக் கேள்விக்கு இவ்வாறு விடை கிடைத்தது. டவுன்ஸ்வில்லுக்குத் தென்கிழக்கே சுமார் 90 கிலோ மீற்றர் தூரத்தில், கரையிலிருந்து இருபது கிலோ மீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில், அத்தனை பேரும் கப்பலோடேயே கிடந்தார்கள்.

பாலைவனத்தில் ஒரு சோலை

இனி, கடலடியில் நடந்த அற்புதத்தைப் பார்ப்போம்.

அக்கடலின் அடித்தரை சமதரையான மணல். ஒதுங்கக் கல்லில்லை, ஒட்டிக்கொள்ளப் பாறையில்லை. முருகைக்கற் பூச்சியின் குஞ்சு, பஞ்சுயிர், சிப்பி ஆகியவை நீரோட்டத்தோடு மிதந்து திரியும். ஒட்டுவதற்குக் கடினமான ஓர் இடம் கிடைத்தால்தான் அவை நிலைத்து வளர முடியும். மணல் வெளியின் நடுவே 109 மீற்றர் நீளமான ஓர் இரும்பு மலை வந்து விழுந்தால் என்ன ஆகும்? பாலைவனத்தில் கிணறு வெட்டியது போலத்தான்!

முதலில் பாசியும் நுண்ணுயிரும் படிந்தன. அவற்றின் மீது சிப்பிகளும் பஞ்சுயிர்களும் பற்றின. பின்னர் முருகைக்கற்கள் வந்தன. நீரோட்டம் பலமாக ஓடும் இடமாதலால் அது சுமந்து வரும் நுண்ணிய உணவைப் பிடித்துண்டு மென்முருகைகள் மஞ்சளும் செம்மையும் ஊதாவுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்தன. சிறு மீன்கள் அவற்றிடையே வீடெடுத்தன. சிறு மீனைத் தேடிப் பெரிய மீன் வந்தது. இன்று அந்தப் பாய்மரத் தூணையும் கப்பல் விளிம்பையும் கண்டுபிடிக்க முடியாதபடி உயிர்கள் மூடியிருக்கின்றன.

அங்கு செல்பவர்கள் காணும் காட்சிகளைச் சொல்லி முடியாது. பாரை மீன்கள் வெள்ளித் திரை விரித்தாற்போல் கூட்டமாகச் சுற்றுகின்றன. சீலா மீன்கள் ஈட்டிகளை நிறுத்தி வைத்தாற்போல் அசையாமல் மிதக்கின்றன. கப்பலின் நிழலில், நம் ஊர்க் கலவாய் மீனின் இனத்தைச் சேர்ந்த இராட்சத மீன் வாய் திறந்து நிற்கிறது. இரண்டரை மீற்றருக்கு மேல் நீளமும் 400 கிலோ வரை எடையும் வளரக் கூடிய இனம் அது. திறந்த அந்த வாய்க்குள் விரல் நீளச் சிறு மீன்கள் அச்சமின்றிப் போய், பல்லிடுக்கில் உள்ளதைக் கொத்திச் சுத்தம் செய்துவிட்டு வருகின்றன. பெரியதற்குச் சுத்தம், சிறியதற்கு உணவு. வாயை மூடினால் கதை முடிந்தது, ஆனால் மூடுவதில்லை. இந்த உடன்படிக்கையை அவற்றுக்குக் கற்றுக் கொடுத்தவன் யார்?

கடலாமைகள் வருகின்றன. மேசை அகலத் திருக்கைகள் மணலில் படுத்திருக்கின்றன. சில வேளை கொம்புத் திருக்கை சிறகு விரித்துத் தலைக்கு மேலே போகிறது. அவ்வப்போது சுறாவும் வரும். பழுப்புப் பச்சை நிறக் கடற்பாம்புகள் சுழியோடிகளுக்கு அருகே வந்து 'யார் நீ?' என்று கேட்பது போலப் பார்த்துப் போகின்றன. கொடிய விஷமுள்ளவைதாம், சீண்டாதவரைத் தீண்டாதவை. குளிர்காலத்தில் தெற்கிலிருந்து வரும் திமிங்கிலங்கள் அக்கடல் வழியே செல்லும். அப்போது அவற்றின் பாட்டு, தண்ணீருக்குள் நெடுந்தூரம் கேட்கும்.

மூச்சை அடக்காதே!

சுழியோடுவது நமக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில், சிலாபத்துறையிலும் மரிச்சிக்கட்டியிலும் முத்துக் குளிப்பு நடந்த நாட்களில், காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும், அரபு நாடுகளிலிருந்தும்கூட முஸ்லிம் சுழியோடிகள் வந்து கூடினார்கள். கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை ஊன்றி, மூச்சை அடக்கிக் கீழே போவார்கள். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். அதற்குள் அள்ளிய சிப்பியோடு மேலே வந்தாக வேண்டும்.

இன்றைய முறை வேறு. 1943இல் பிரான்சைச் சேர்ந்த ஜாக் கூஸ்தோ, எமில் கஞ்ஞான் என்ற இருவரும் உருவாக்கிய கருவி, முதுகில் சுமக்கும் சிலிண்டரிலிருந்து வேண்டிய அளவு காற்றை வேண்டிய அமுக்கத்தில் வாய்க்குக் கொடுக்கிறது. சிலிண்டரில் இருப்பது தனி ஒட்சிசன் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியல்ல, பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் அதே காற்றுத்தான் அமுக்கி நிரப்பப்படுகிறது.

முத்துக் குளித்தவர்களின் முதல் விதி மூச்சை அடக்கு என்பது. சிலிண்டரோடு இறங்குபவரின் முதல் விதி மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது! காரணம் இதுதான். கடலில் பத்து மீற்றர் கீழே இறங்க, அமுக்கம் ஒரு மடங்கு கூடும். யொங்காலாவின் மேற்பகுதி சுமார் 15 மீற்றர் ஆழத்திலும், அடிப்பகுதி 30 மீற்றரை அண்மித்த ஆழத்திலும் இருக்கின்றன. 30 மீற்றரில் அமுக்கம் தரையிலுள்ளதைப் போல் நான்கு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய எடுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது விரிந்து நுரையீரலையே கிழித்து விடும். அங்கே ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்கு காற்று செலவாவதால், மேலே ஒரு மணி நேரத்துக்குப் போதுமான சிலிண்டர் அங்கே கால் மணி நேரத்துக்கே போதும்.

மற்றொரு ஆபத்து நைதரசன். ஆழத்தில் இருக்கும்போது அது இரத்தத்திலும் உடம்பிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறி விடும். அவசரப்பட்டு வந்தால், மூடியைத் திறந்த சோடாப் போத்தலைப் போல உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம் வரையும், மரணம் வரையும் போகக் கூடிய நோய் அது. ஆகவே 30 மீற்றரில் இருபது நிமிடமளவில்தான் தங்கலாம். ஏறும்போது ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தரித்து நிற்க வேண்டும். சுழியோடிய கையோடு விமானத்திலும் ஏறக் கூடாது.

யொங்காலா இருப்பது திறந்த கடல். நீரோட்டம் பலமானது. பயிற்சி பெறாதவர்களுக்கு ஏற்ற இடமல்ல. சுழியோடுபவர் தனியே போவதில்லை, துணையோடுதான் போவார். ஒருவர் மூச்சுக்கு மற்றவர் பொறுப்பு.

ஏன் தொடக் கூடாது?

1958க்குப் பிறகு பலர் அங்கே போனார்கள். கோப்பை, பீங்கான், விளக்கு என்று கையில் அகப்பட்டதை நினைவுக்கு எடுத்து வந்தார்கள். படகுகள் நங்கூரத்தைக் கப்பலின் மீதே போட்டன. இப்படியே விட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்று கண்ட அவுஸ்திரேலிய அரசாங்கம், வரலாற்றுக் கப்பற் சிதைவுகளுக்கான தனது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1981இல் யொங்காலாவைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்தது. அச்சட்டத்தின் இடத்தில் இப்போது 2018ஆம் ஆண்டின் கடலடி மரபுரிமைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் அவ்வெல்லைக்குள் போக முடியாது. மீன் பிடிக்க முடியாது. நங்கூரம் போட முடியாது; படகு கட்டுவதற்குப் புறம்பான மிதவைகள் உண்டு. எதையும் எடுக்க முடியாது. கப்பலின் உள்ளே போகவே முடியாது.

உள்ளே போவதற்குள்ள தடையைக் கேட்டால் சிலருக்கு வியப்பாக இருக்கும். கதவு திறந்து கிடக்கிறது. பார்த்துவிட்டு வந்தால் என்ன?

இரண்டு காரணங்கள். முதலாவது, சுழியோடியின் மூச்சு. அவர் விடும் காற்றுக் குமிழிகள் உள்ளே கூரையில் தங்கி நிற்கும். நூறு வருடத்துக்கு மேலாக நீருக்குள் கிடந்த இரும்பில் ஒட்சிசன் பட்டால் துரு விரைந்து அரிக்கும். ஒருவருடைய மூச்சு பெரிதல்ல. ஆயிரமாயிரம் பேர் வந்து போகும் இடத்தில் அது பெரிதுதான்.

இரண்டாவது காரணம் நமக்கு விளங்க விளக்கமே வேண்டியதில்லை. உள்ளே மனித எலும்புகள் இருக்கின்றன. அது மையவாடி.

இறந்தவரின் உடம்புக்கும் உயிரோடிருப்பவரின் உடம்புக்குரிய கண்ணியம் உண்டு என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். கபுறின் மேல் உட்காரக் கூடாது, மிதித்து நடக்கக் கூடாது என்று சிறு பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்கிறோம். ஸியாரத்துக்குப் போவது வேடிக்கை பார்க்கவல்ல. நமக்கும் ஒரு நாள் உண்டென்று நினைத்துக்கொள்ள. வேறு மதத்தவர், வேறு நாட்டவர் என்றாலும் யொங்காலாவுக்கு இட்ட சட்டமும் இதே ஒழுக்கத்தைத்தான் கேட்கிறது: வெளியே நின்று பார்; ஒதுங்கி வா.

இன்னொரு விடயத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். கப்பலை மூடி வளர்ந்திருக்கும் முருகையும் சிப்பியும் கப்பலுக்கு ஒரு போர்வை. கடல் நீர் இரும்பை அரிப்பதை அந்தப் போர்வை தாமதப்படுத்துகிறது. ஒரு நங்கூரம் அதைக் கிழித்தால் உயிர்களும் அழிகின்றன, இரும்பும் அழிகிறது. 2011 பெப்ரவரியில் 'யாசி' என்ற பெருஞ்சூறாவளி வீசியபோது முருகைகளில் பெரும் பகுதி பிய்த்தெறியப்பட்டது. பின்னர் மெல்ல மெல்ல அவை மீண்டும் துளிர்த்தன. புயல் எப்போதாவது வருவது. அதற்குப் பின் ஆறுவதற்குக் காலம் உண்டு. மனிதக் கை ஒவ்வொரு நாளும் வந்தால் ஆறக் காலமேது?

கப்பல் உயிர்களுக்கு வீடு கொடுத்தது. உயிர்கள் கப்பலுக்குக் கபன் போர்த்தின. மனிதன் செய்ய வேண்டியிருந்தது கையை எடுத்துக்கொள்வது ஒன்றுதான். அதற்கு 1981 வரை காலம் பிடித்தது!

நம் கடலிலும்...

இது எங்கோ அவுஸ்திரேலியாவின் கதை என்று இருந்து விட வேண்டாம். நம் கடலிலும் இப்படிப்பட்டவை உண்டு.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி, பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான 'ஹேர்மீஸ்' ஜப்பானிய விமானங்களின் குண்டுக்கு இலக்காகி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதில் மாண்டோர் 307 பேர். ஐம்பது மீற்றருக்கும் கீழே அது இன்றும் கிடக்கிறது. ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் நாம் உறங்கும்போது, அந்தக் கரைக்கு அப்பால் அவர்களும் உறங்குகிறார்கள்.

தென்கிழக்கே மகா ராவணா கோட்டை என்னும் முருகைப் பாறைகளில், 1961ஆம் ஆண்டு மூழ்கிய கப்பலொன்றின் சிதைவுகளிலிருந்து வெள்ளிக் காசுகள் கட்டிகட்டியாகக் கிடைத்தன. முகலாயச் சக்கரவர்த்தி ஒளரங்கசீப்பின் காசுகள். சூரத் நகரில் அச்சானவை. ஹிஜ்ரி 1113 என்று ஆண்டு பொறித்தவை. காசின் ஊர் தெரியும், ஆண்டு தெரியும். அவற்றைச் சுமந்து வந்தவர்கள் யார், எத்தனை பேர், எந்த வீட்டில் எந்தத் தாய் அவர்களை எதிர்பார்த்திருந்தாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. வெள்ளியைக் கண்டவுடன் ஆளை மறப்பது மனித இயல்பாயிற்றே!

வாசக சகோதரிகளே! நம்மில் மிகப் பலர் சிலிண்டரைச் சுமந்து கடலுக்குள் இறங்கப் போவதில்லை. ஆயினும் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறோம். முருகைக்கல்லை முறித்து அலுமாரியில் வைக்க அடம் பிடிக்கும் பிள்ளைக்கு நாம் என்ன சொல்கிறோம் என்பதில்தான் விடயம் இருக்கிறது. "எடு மகன், ஒண்டுதானே" என்று சொல்லலாம். "பார்த்தது போதும், அங்கேயே இருக்கட்டும், அது அல்லாஹ்வின் அமானிதம்" என்றும் சொல்லலாம். யொங்காலாவைக் காப்பாற்றியது இரண்டாவது சொல்.

கடலோடு போய்க் கபுறில்லாமற் போன நம் வாப்பாமார், பிள்ளைகள், சகோதரர்கள் எல்லோரையும் வல்ல நாயன் பொருந்திக்கொள்வானாக. மீஸான் கட்டை இல்லாத இடமும் அவனுக்குத் தெரியாத இடமல்ல. ஆமீன்.